நான்கு வெறும் ஆசனங்கள்

குடாநாட்டின் இருபதாம் நூற்றாண்டு – 9

1931ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி, திங்கட்கிழமை. இலங்கையின் புதிய அரசாங்க சபைக்கு நியமனப் பத்திரம் ஏற்கும் நாள். சொத்தும் படிப்பும் கணக்கில் எடுக்கப்படாமல், இருபத்தொரு வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்களிக்கப்போகிற முதல் தேர்தல். மொத்தம் ஐம்பது தொகுதிகள். நாற்பத்தாறுக்கு அபேட்சகர்கள் வந்தார்கள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்குக்கும் ஒரு பத்திரம்கூட வரவில்லை. வக்கீல்களுக்கும் பிரமுகர்களுக்கும் பஞ்சமே இல்லாத ஊர். சட்டநிரூபண சபையில் உட்கார்ந்து பழகியவர்களும் இருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

சென்ற அத்தியாயத்தை சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மறைவோடு நிறுத்தியிருந்தேன். 1879இல் சட்டநிரூபண சபைக்குள் நுழைந்தவர் 1930 நவம்பர் 26இல் கண்மூடினார். அவர் போய் ஆறு மாதம் ஆகுமுன்னே யாழ்ப்பாணத்து அரசியலின் கடிவாளம், பட்டமோ பங்களாவோ இல்லாத சில பள்ளிக்கூட வாத்திமாரின் கைக்கு வந்துவிட்டது. அந்த மே 4 அவர்கள் செய்த வேலை. அவர்கள் கட்டிய அமைப்புக்கு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர்.

இந்தப் பகிஷ்கரிப்பைப் பற்றி இன்று ஊரில் கேட்டால் வருகிற பதில் ஒன்றுதான்: இனவாரிப் பிரதிநிதித்துவத்தை எடுத்துவிட்டதால் தமிழர் கோபித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். படித்தவர்கள் எழுதிய சில நூல்களிலும் இதுவே இருக்கிறது. அந்த வாலிபர்கள் எழுதிவைத்த தீர்மானங்களை எடுத்துப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. தங்களுக்கு ஆசனம் குறைந்தது என்பது அவர்களுடைய முறைப்பாடே இல்லை. இலங்கை முழுவதற்கும் கிடைத்த சுதந்திரம் குறைவு என்பதுதான் முறைப்பாடு. இந்த வேறுபாட்டைத் தொலைத்துவிட்டால் அதற்குப் பின்னால் வந்த எதையும் சரியாக விளங்கிக்கொள்ள முடியாது. ஆகவே தொடக்கத்துக்கே போகிறேன்.

*

அக்காலத்து யாழ்ப்பாணம் எப்படிப்பட்டது என்பதை ஒரு பழமொழி முழுதாகச் சொல்லிவிடும்: கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும். அமெரிக்க மிஷன் 1816இலிருந்து இங்கே பாடசாலைகள் நடத்தியது. வட்டுக்கோட்டைச் செமினறி 1823இல் திறக்கப்பட்டது. மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் கத்தோலிக்கரும் சைவரும் ஒருவரோடொருவர் போட்டியிட்டுக் கல்லூரி கட்டினார்கள். அவற்றிலே இங்கிலீசு படித்த பிள்ளைகள் கொழும்புக் கந்தோர்களுக்கும் மலாயாவின் றெயில்வேக்கும் கிளாக்கர்களாகப் போனார்கள். மாதா மாதம் மணியோடர் வந்தது. ஓய்வு பெற்றவர் கல்வீடு கட்டினார். இப்படி வெள்ளைக்காரன் ஆட்சியால் வயிறு நிறைந்த சமூகத்தின் நடுவிலிருந்து அந்த ஆட்சி வேண்டாம் என்று ஒரு குரல் கிளம்பியது. எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருப்பது அதுதான்.

அந்தக் குரல் 1924ஆம் ஆண்டுக்குரியது. அப்போது அதன் பெயர் மாணவர் காங்கிரஸ். வாலிபர் காங்கிரஸ் என்ற பெயர் பிற்பாடு வந்தது. முன்னின்று தொடக்கியவர் ஹன்டி பேரின்பநாயகம். 1899இல் பிறந்தவர், அப்போது வயது இருபத்தைந்து. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியர். முதல் மாநாடு யாழ்ப்பாணம் றிட்ஜ்வே மண்டபத்தில் கூடியபோது தலைமை வகித்தவர் அதே கல்லூரியின் ஜே. வி. செல்லையா. மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீசு வாத்தியார், கிறிஸ்தவர். அவரே பின்னாளில் பத்துப்பாட்டு முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். வேதக்காரர், சைவக்காரர் என்று ஊர் இரண்டு பட்டுக் கிடந்த காலத்தில் இந்த அமைப்பில் இரு திறத்தாரும் ஒரே வாங்கில் உட்கார்ந்தார்கள். சுன்னாகம் ஸ்கந்தவரோதயாக் கல்லூரியைப் பின்னாளில் கட்டி எழுப்பிய 'ஒறேற்றர்' சி. சுப்பிரமணியம் இருந்தார். பின்னர் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயரான ச. குலேந்திரன் இருந்தார். பிற்காலத்தில் நாடறிந்த வழக்கறிஞராகிய எஸ். நடேசன் இருந்தார்.

அவர்கள் மாநாடுகளில் நிறைவேற்றிய தீர்மானங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். வெள்ளைக்காரனை வெளியேறச் சொன்ன அதே மூச்சில் வீட்டையும் கூட்டச் சொன்னார்கள். கதரும் தேசிய உடையும் அணிவது, மது ஒழிப்பு, தாய்மொழியில் கல்வி, சீதன ஒழிப்பு, தீண்டாமை ஒழிப்பு. தமிழ்ப் பிள்ளைகள் சிங்களமும் சிங்களப் பிள்ளைகள் தமிழும் படிக்கவேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. இந்தக் கடைசித் தீர்மானத்தை இன்று வாசிக்கிற எவருக்கும் தொண்டை அடைக்கும்.

சாதி விஷயத்தில் அவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதைச் சற்று நின்று சொல்லவேண்டும். ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் சுயராச்சியம் பேசுவது இலேசு, சம ஆசனம் பேசுவது கடினம். தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டவர்களின் பிள்ளைகள் அக்காலத்தில் பள்ளிக்கூடத்தில் வாங்கில் இருக்கமுடியாது. நிலத்தில் இருக்கவேண்டும், சில இடங்களில் வெளியே. அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று கட்டளை வந்தபோது குடாநாடு கொந்தளித்தது. 1930ஐ ஒட்டிய மாதங்களில் சில பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பே வைத்தார்கள். கட்டளையை மீளப்பெறுமாறு பெரிய மனிதர்கள் மனுக் கொடுத்தார்கள். வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் நின்றது. அவர்களுடைய சமபந்தி போசனங்களைப் பார்த்து முகம் சுளித்தவர்களில் பலர் அவர்களுடைய சொந்த உறவினர்கள். நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பகிஷ்கரிப்பு நாளில் இந்த வாலிபர்களோடு கைகோத்து நின்ற மூத்தவர்கள் எல்லோரும் இந்த விஷயத்தில் அவர்களோடு நின்றவர்கள் அல்லர். அந்தக் கலப்பின் விளைவைப் பின்னே பார்க்கப்போகிறோம்.

1926 ஜூலையில் ஒரு கூட்டம் நடந்தது. ஒக்ஸ்போர்ட்டில் படித்து அண்மையில் திரும்பியிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க என்ற சிங்கள வாலிபர் யாழ்ப்பாணம் வந்து பேசினார். ஏற்பாடு மாணவர் காங்கிரஸ். தலைமை கலாநிதி ஐசாக் தம்பையா. பண்டாரநாயக்கவுக்கு அப்போது வயது இருபத்தேழு, ஏறக்குறைய பேரின்பநாயகத்தின் வயதுதான். இலங்கைக்கு ஏற்றது சமஷ்டி ஆட்சி, கண்டிச் சிங்களவரும் கரையோரச் சிங்களவரும் தமிழரும் தங்கள் தங்கள் பகுதியை ஆளவேண்டும் என்பது அவர் வாதம். கேட்டிருந்த தமிழ் வாலிபர்களுக்கு அது ஏறவில்லை. அவர்கள் விரும்பியது பிரியாத ஒரே இலங்கை. முப்பது ஆண்டு கழித்து, 1956இல், தனிச்சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் அதே பண்டாரநாயக்க. அதற்கு எதிராகக் காலிமுகத்திடலில் உட்கார்ந்தவர்கள் சமஷ்டி கேட்ட தமிழர்கள். அந்த 1926 கூட்டத்தில் யார் எதைச் சொன்னார், யார் எதை மறுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் நான் வாசிப்பை நிறுத்திவிட்டு எழுந்து நடக்கிறேன்.

*

அடுத்த ஆண்டு காந்தி வந்தார். அவரைக் குடாநாட்டுக்கு அழைத்தது மாணவர் காங்கிரஸ்தான். 1927 நவம்பர் 12இல் கொழும்பில் இறங்கிய காந்தி, தெற்கையும் மலைநாட்டையும் சுற்றிவிட்டு 26ஆம் திகதி யாழ்ப்பாணம் சேர்ந்து 29 வரை தங்கினார். கஸ்தூரிபாயும் இராஜாஜியும் மகாதேவ தேசாயும் உடன் வந்தார்கள். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, மத்திய கல்லூரி, இராமநாதன் கல்லூரி என்று மாணவர்களையே தேடித்தேடிப் பேசினார். கதர் நிதி சேர்ப்பதுதான் பயணத்தின் நோக்கம். பேச்சிலோ கதரோடு தீண்டாமையும் மதுவும் திரும்பத் திரும்ப வந்தன. மாணவர் காங்கிரஸின் தீர்மானங்களில் பாதியை அவர் வாயால் கேட்டதுபோல் இருந்திருக்கும் அந்த வாலிபர்களுக்கு.

அதே நவம்பரில் இன்னொரு கூட்டமும் கொழும்பில் கப்பலால் இறங்கியது. டொனமூர் பிரபு, சேர் மத்தியூ நேதன், சேர் ஜெஃப்ரி பட்லர், டொக்டர் டிரமண்ட் ஷீல்ஸ் என்ற நால்வர். இலங்கையின் அரசியலமைப்பைத் திருத்த வந்த விசேட ஆணைக்குழு. 1928 ஜூலையில் அவர்களுடைய அறிக்கை வெளியானது.

அறிக்கை கொடுத்தது கொஞ்சநஞ்சமல்ல. அதுவரை நூற்றுக்கு நான்கு பேருக்கு மட்டும் இருந்த வாக்கு எல்லாருக்கும் கிடைத்தது. பிரித்தானியாவிலே ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக வாக்குரிமை வந்ததே அந்த 1928இல்தான். இனவாரி ஆசனங்கள் ஒழிந்தன. சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து, ஏழு தலைவர்களும் மந்திரிகளாவார்கள். ஆனால் நிதி, சட்டம், பிரதம காரியதரிசி என்ற மூன்று பதவிகளும் ஆங்கில உத்தியோகத்தர் கையில் இருக்கும். தேசாதிபதி விரும்பினால் சபையின் முடிவைத் தள்ளிவைக்கலாம், தம் அதிகாரத்தால் சட்டமும் ஆக்கலாம். கதவைத் திறந்து உள்ளே இருத்திவிட்டு, பெட்டகத்தின் திறப்பை வீட்டுக்காரன் மடியிலே முடிந்துகொண்ட கதை.

மூத்த தலைவர்கள் அறிக்கையை எதிர்த்தது வேறு காரணத்துக்காக. சர்வசன வாக்குரிமை பாமரர் கையில் ஆட்சியைக் கொடுத்துவிடும், பெரும்பான்மையான சிங்களவர் கையில் தமிழரை ஒப்படைத்துவிடும் என்பது இராமநாதனின் அச்சம். டொனமூர் என்றால் தமிழர் இனி இல்லை என்று பொருள்படும் ஆங்கிலச் சிலேடை ஒன்று அவர் பெயரில் இன்றும் வழங்குகிறது. எழுபத்தொன்பது வயதில் லண்டனுக்கே போய் மன்றாடிப் பார்த்தார். 1929 டிசம்பரில் சட்டநிரூபண சபை பத்தொன்பதுக்குப் பதினேழு என்ற வாக்கில் டொனமூர் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. இரண்டே வாக்கு.

வாலிபர் காங்கிரஸின் கண்ணுக்கு இந்தச் சண்டை இரண்டாம் பட்சம். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது பாக்கு நீரிணைக்கு அப்பால். 1929 டிசம்பரில் லாகூரில் இந்தியக் காங்கிரஸ் பூரண சுயராச்சியம் கேட்டது. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தது. பட்டணத்துக் கடையில் மதராஸ் பத்திரிகை வந்து இறங்கும் ஊர் யாழ்ப்பாணம். இந்தியா சைமன் ஆணைக்குழுவையே திரும்பிப்போ என்று விரட்டியபோது இலங்கை டொனமூர் கொடுத்ததை இரு கையும் ஏந்தி வாங்குவது அந்த வாலிபர்களுக்குப் பொறுக்கவில்லை.

*

1931 ஏப்ரல் பிற்பகுதியில் வாலிபர் காங்கிரஸின் ஆண்டு மாநாடு கூடியது. உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை கண்ட கமலாதேவி சட்டோபாத்யாயா அதற்காக இந்தியாவிலிருந்து வந்திருந்தார். அதே நாட்களில் ஜவஹர்லால் நேருவும் மனைவி கமலாவோடும் மகள் இந்திராவோடும் ஓய்வுக்காக இலங்கையில்தான் இருந்தார். சுயராச்சியம் பறிக்கமுடியாத உரிமை, டொனமூர் திட்டம் அதற்கு முட்டுக்கட்டை, ஆகவே அத்திட்டத்தைப் பகிஷ்கரிப்பது என்று தீர்மானம் நிறைவேறியது.

நியமன நாளுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. அந்தக் குறுகிய நாட்களில் நடந்ததை எந்தக் கணக்கிலும் சேர்க்கமுடியாது. மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர் ஊராகக் கூட்டம் வைத்தார்கள். போட்டியிட நினைத்திருந்தவர்களிடம் போய்ப் பேசினார்கள். வடமாகாணத்தின் மிகப் பெரிய அரசியல்வாதியாக அப்போது எஞ்சியிருந்தவர் வைத்திலிங்கம் துரைசாமி. பழைய சட்டநிரூபண சபை உறுப்பினர். நின்றால் வெற்றி நிச்சயம். அவரும் பத்திரம் கொடுக்கவில்லை. மற்றவர்களும் கொடுக்கவில்லை. ஓர் ஆசனத்துக்கு ஒருவர் இரகசியமாகப் போய்ப் பத்திரத்தை நீட்டியிருந்தால் போதும், போட்டியின்றியே மெம்பர் ஆகியிருக்கலாம். நாலு தொகுதியிலும் ஒருவரும் அதைச் செய்யவில்லை. அரசியலில் ஆசை அடங்குகிற நாட்கள் அபூர்வம். அப்படி ஒரு நாள் எங்கள் ஊரில் இருந்தது என்பதை எங்கள் பிள்ளைகள் அறியவேண்டும்.

வடக்கு முழுவதும் பகிஷ்கரித்தது என்று சிலர் எழுதுவது சரியல்ல. மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதியில் தேர்தல் நடந்தது. எஸ். எம். ஆனந்தம் வென்றார். தோற்றவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் என்ற இளம் வழக்கறிஞர். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

இனி, ஏன் இது நிலைக்கவில்லை என்ற கேள்வி. இதற்கு விடை தேடி நான் அதே ஆண்டின் எகிப்துக்குப் போகிறேன்.

எகிப்தும் இலங்கையும் ஒன்றையொன்று அறியாத நாடுகள் அல்ல. 1882இல் ஆங்கிலேயரிடம் தோற்ற அராபி பாஷாவையும் தோழர்களையும் நாடுகடத்தி வைத்த இடம் இலங்கை. 1883 தொடக்கம் 1901 வரை, கொழும்பிலும் பின்பு கண்டியிலும் அவர் இருந்தார். அந்தக் கிளர்ச்சியில் இளைஞனாகச் சேர்ந்திருந்த சாத் சக்லூல்தான் 1918 நவம்பரில் வஃப்து கட்சிக்கு அடியிட்டவர். வஃப்து என்றால் தூதுக்குழு. எகிப்தியரின் சார்பில் சுதந்திரம் பேசப் போகிறோம் என்று கிளம்பிய குழு, ஆங்கிலேயர் அதன் தலைவர்களை 1919 மார்ச்சில் மால்டாவுக்குக் கடத்தியவுடன் நாடே பொங்கிய கட்சியாக மாறிவிட்டது. 1921இல் சக்லூலை மறுபடி பிடித்தபோது அவரையும் இலங்கைக்கே அனுப்ப நினைத்தார்கள். ஏடனில் இறக்கி சீஷெல்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். 1922இல் எகிப்துக்கு 'சுதந்திரம்' கொடுத்தார்கள், பாதுகாப்பும் போக்குவரத்தும் சூடானும் பிரித்தானியா கையிலே இருக்கும் என்ற நிபந்தனையோடு. டொனமூர் திட்டத்தின் பெட்டகத் திறப்பைப் போலவே.

1930இல் இஸ்மாயில் சித்கி என்ற பிரதமர் 1923ஆம் ஆண்டு அரசியலமைப்பை நீக்கிவிட்டுத் தமக்கு வசதியான ஒன்றைக் கொண்டுவந்தார். 1931இல், யாழ்ப்பாணத்தில் நியமனப் பத்திரம் வராமற்போன அதே காலத்தில், எகிப்தில் புதிய அமைப்பின்கீழ்த் தேர்தல். வஃப்து அதைப் பகிஷ்கரித்தது. வஃப்துக்குப் போட்டியான லிபரல் கட்சியும் சேர்ந்து பகிஷ்கரித்தது. தேர்தல் இரத்தம் சிந்தி நடந்து முடிந்தது, சித்கி பாராளுமன்றம் கூட்டினார். ஆனாலும் வஃப்து கரையவில்லை. 1935 நவம்பரில் மாணவர்கள் தெருவில் இறங்க, டிசம்பரில் பழைய அரசியலமைப்பு திரும்பி வந்தது. 1936 தேர்தலில் வஃப்து வென்று ஆட்சி ஏறியது.

ஒரே ஆண்டு, ஒரே ஆயுதம். அங்கே பலித்தது, இங்கே பலிக்கவில்லை. எங்கள் வாலிபர்களின் துணிவு குறைவு என்று நான் சொல்லமாட்டேன். வஃப்துக்கு நைல் நதிக் கிராமங்களில் பத்தாண்டாக ஊன்றிய கிளைகள் இருந்தன. நாடு முழுவதும் அதன் பேச்சைக் கேட்டது. எங்களிடம் இருந்தது ஐம்பது தொகுதிகளில் நான்கு. கோரிக்கை முழு இலங்கைக்கும் உரியது, அதைக் கேட்ட வாய் மட்டும் ஒரு குடாநாட்டின் வாய். தெற்கும் பகிஷ்கரித்திருந்தால் டொனமூர் திட்டம் முதல் நாளிலேயே சரிந்திருக்கும். தெற்கு பகிஷ்கரிக்கவில்லை. இலங்கைத் தேசிய காங்கிரஸின் தலைவர்கள் தேர்தலில் நின்றார்கள். லண்டனில் இருந்த பிலிப் குணவர்தன என்ற இளம் மார்க்சியவாதி யாழ்ப்பாணத்தை மனமாரப் பாராட்டி, சிங்களவரும் இந்த வழியில் வரவேண்டும் என்று எழுதினார். ஆனால் அவர் அப்போது கடலுக்கு அப்பால் இருந்தார்.

பகிஷ்கரிப்பே தவறு என்று சொல்வோருக்கு ஆபிரிக்காவிலிருந்து இன்னோர் உதாரணம் உண்டு. குவாமே நிக்ருமா 1949 ஜூனில் கோல்ட்கோஸ்டில் மக்கள் மாநாட்டுக் கட்சியைத் தொடக்கினார். அங்கும் ஆங்கிலேயர் அரைகுறை அரசியலமைப்பு ஒன்றை நீட்டினார்கள். அது மோசடி என்று அவர் முழங்கினார், 1950இல் கிளர்ச்சி செய்து சிறை போனார். ஆனால் 1951 தேர்தலில் கட்சியை நிறுத்தினார். பொதுத்தேர்தலால் நிரப்பப்பட்ட முப்பத்தெட்டு ஆசனங்களில் முப்பத்துநான்கு அவர் கட்சிக்கு. சிறையிலிருந்து நேரே ஆட்சிக்கு வந்தார். 1957 மார்ச் 6இல் கானா பிறந்தது. வெளியே நின்று வென்றவர்கள் வஃப்து, உள்ளே புகுந்து வென்றவர் நிக்ருமா. இரண்டு இடத்திலும் கட்சி ஊர்தோறும் வேரோடியிருந்தது. வாலிபர் காங்கிரஸ் மாநாட்டு மண்டபங்களை நிரப்பத் தெரிந்த அமைப்பு. வாழைத் தோட்டத்தையும் மீன்பிடித் துறையையும் கள்ளிறக்கும் பனந்தோப்பையும் அது தன் கிளைகளாக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு மாநாடு கூட்டும் ஆசிரியர்களிடம் அதை எதிர்பார்ப்பதும் அநியாயம் என்று சில வேளை தோன்றுகிறது. ஆனால் வரலாறு அந்தச் சலுகையைக் கொடுக்கவில்லை.

இரண்டாவது காரணம் உள்வீட்டில் இருந்தது. பகிஷ்கரிப்பில் சேர்ந்த மூத்தவர்களில் சிலருக்கு டொனமூர் திட்டம் கசந்தது, அது சுயராச்சியம் தராததால் அல்ல. வாக்குரிமையை எல்லாருக்கும் கொடுத்துவிட்டதால், இனவாரி ஆசனத்தை எடுத்துவிட்டதால். சம ஆசனத்தை எதிர்த்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். கிழக்கே பார்த்தவனும் மேற்கே பார்த்தவனும் ஒரே படலையில் சாய்ந்து நின்ற நிலை அது. படலை திறந்ததும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

*

1931 ஜூலையில் அரசாங்க சபை கூடியது. டி. பி. ஜயதிலக சபைத் தலைவர். ஏழு மந்திரிகளில் பெரி சுந்தரம் என்ற இந்தியத் தமிழரும், மாக்கான் மாக்கார் என்ற முஸ்லிமும் இருந்தார்கள். இலங்கைத் தமிழர் எவரும் இல்லை. பாதை, பள்ளிக்கூடம், நீர்ப்பாசனம் எல்லாம் அந்தக் குழு அறைகளில் பங்கிடப்பட்டன. யாழ்ப்பாணத்தின் நாலு நாற்காலியும் காலியாய் இருந்தன. மாதங்கள் ஆக ஆக ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. தேர்தல் வேண்டும் என்று கூட்டம் வைத்தார்கள், மனு அனுப்பினார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1934இல், நான்கு தொகுதிகளுக்கும் தேர்தல் வந்தது.

வென்றவர்களின் பெயர்களைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக்கு அருணாசலம் மகாதேவா, சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் மகன். காங்கேசன்துறைக்கு சு. நடேசன், இராமநாதனின் மருமகன். ஊர்காவற்றுறைக்கு நெவின்ஸ் செல்வதுரை. பருத்தித்துறைக்கு, நினைவில் வைக்கச் சொன்ன அந்தப் பெயர், ஜீ. ஜீ. பொன்னம்பலம். பள்ளிக்கூட வாத்திமார் காலியாக்கிய நான்கில் இரண்டு, பழைய பெருங்குடும்பத்துக்கே திரும்பிப் போயின. பருத்தித்துறையில் வந்த வாலிபர், சிறுபான்மையோருக்குச் சம பங்கு வேண்டும் என்ற ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையை வளர்த்து, அடுத்த பதினைந்து ஆண்டுத் தமிழ் அரசியலின் திசையை மாற்றினார். ஒரே இலங்கைக்காக விடப்பட்ட இடைவெளிக்குள் தமிழருக்குத் தனிப் பங்கு என்ற அரசியல் வந்து அமர்ந்தது. அதைக் கேட்க நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 1936இல் மந்திரிசபை முழுக்க முழுக்கச் சிங்கள மந்திரிகளாக அமைந்தபோது அந்தக் கோரிக்கைக்குத் தீனி போட்டவர்கள் தெற்கத்தியத் தலைவர்களே.

வாலிபர் காங்கிரஸ் 1930களின் பின்பாதியில் மெல்ல ஓய்ந்தது. அதன் ஆட்கள் ஓயவில்லை. பி. நாகலிங்கம் போன்றவர்கள், 1935 டிசம்பரில் பிலிப் குணவர்தனவும் தோழர்களும் தொடக்கிய லங்கா சமசமாஜக் கட்சிக்குப் போனார்கள். பெரும்பாலோர் பள்ளிக்கூடத்துக்கே திரும்பினார்கள். ஹன்டி பேரின்பநாயகம் 1949இல் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபரானார். ஒரு கிறிஸ்தவரைச் சைவர்கள் கட்டிய கல்லூரி தேடி அழைத்தது. 1977இல் அவர் காலமானார். அந்த இயக்கத்தின் வரலாற்றை முறையாகத் தேடி எழுதியவர் சாந்தசீலன் கதிர்காமர். அவர் அலைந்து திரிந்து சேகரித்திராவிட்டால் இந்த அத்தியாயத்தின் பாதியை நான் எழுதியிருக்க முடியாது.

துரைசாமியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 1931இல் நிச்சயமான வெற்றியை விட்டுக்கொடுத்து வீட்டிலிருந்த அந்த மனிதர் 1936 தேர்தலில் ஊர்காவற்றுறைக்கு நின்று வென்றார். அதே டொனமூர் அரசாங்க சபை அவரைத் தன் சபாநாயகராகத் தெரிந்தெடுத்தது. சிங்கள உறுப்பினர்கள் பெரும்பான்மையாயிருந்த சபை அது. சபை கலைக்கப்படும்வரை, 1947 வரை, அந்த நாற்காலியில் இருந்தார்.

(அடுத்த அத்தியாயம்: நாவலப்பிட்டி, 1939)